காலியா, திருகோணமலையா? மலைநாட்டவரின் துறைமுகத் தேர்வு

நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் குடும்பத்தோடு லக்கலைக்குப் போயிருந்தோம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறி, ரிவர்ஸ்டன் உச்சியின் காற்றைத் தாண்டி, பிட்டவல பத்தனையின் புல்வெளியில் சற்று நின்று, இலுக்கும்புரவைக் கடந்து இறங்கினால் பல்லேகம. பழைய பல்லேகம இப்போது இல்லை. 2018ஆம் ஆண்டு களு கங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கிய பின் அந்தச் சிறுநகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாக மேட்டு நிலத்தில் ஒரு புதுநகர் எழுந்திருக்கிறது. நீர்த்தேக்கக் கரையில் சோற்றுப் பார்சல்களைப் பிரித்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது.

பாடசாலை தொடங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. இரண்டு நாள் எங்காவது போய்த் தங்கி வரலாம் என்றேன். மலைநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் கொள்ளை ஆசை. ஆனால் மலையையும் விட்டுவிட மனமில்லை. கடலும் மலையும் ஒன்றாக இருக்கும் ஊராக வேண்டும் என்றார்கள். மகள் காலிக்குப் போவோம் என்றாள். தம்பியின் மகன் திருகோணமலை என்றான். இரு பக்கமும் நியாயங்கள் அடுக்கப்பட்டன. ஒரு பக்கம் கோட்டை மதில், மறு பக்கம் கோணேசர் மலை. ஒரு பக்கம் உணவட்டுன, மறு பக்கம் நிலாவெளி. பேச்சு முடிகிற மாதிரி இல்லை. அதுவரை வாய் திறக்காமல் இருந்த உம்மா, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "இந்தத் தண்ணி போற பக்கம் போங்களேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் இதே கேள்வியைக் கண்டி மன்னர்களும், ஒல்லாந்தரும், ஆங்கிலேயரும், நீராவிக் கப்பற் கம்பனிகளும் தத்தம் காலத்தில் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்த விதத்தில் அவரவர் தேவை தெரிகிறது. அந்தத் தேர்வுகளுக்கு நடுவே எமது சமூகத்தின் மறந்துபோன ஒரு தொழிலும் கிடக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கு சில குறிப்புகள்.

மலை இல்லாத துறைமுகத்தை விட மலை உள்ள துறைமுகத்தையே பழைய மாலுமிகள் விரும்பினார்கள். இதற்குக் காரணம் அழகு அல்ல. தூரக் கடலிலிருந்து வரும் கப்பலுக்கு முதலில் தெரிவது மலைதான், அதுவே வழிகாட்டி. நங்கூரமிட்ட பின் காற்றைத் தடுப்பதும் அதுவே. ஏடனும் மஸ்கட்டும் அரபு மாலுமிகளுக்கு உவப்பான துறைகளாக இருந்ததில் அவற்றைச் சூழ்ந்த பாறை மலைகளுக்குப் பங்குண்டு. இலங்கைக் கரையில் இந்தத் தகுதி பெற்ற இயற்கைத் துறைகள் என்று முதலில் சொல்லத்தக்கவை திருகோணமலையும் காலியும்.

திருகோணமலைக்குப் பெயரிலேயே மலை இருக்கிறது. கடலுக்குள் செங்குத்தாக நிற்கும் சுவாமி மலையும், துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்டன்பேர்க் மேடும், உள்ளே வளைந்து வளைந்து போகும் குடாக்களும் சேர்ந்து அதனை உலகின் சிறந்த இயற்கைத் துறைகளில் ஒன்றாக்கியுள்ளன. எந்தப் பருவக் காற்றிலும் உள்ளே கப்பல் நிற்கும். காலிக்கு அத்தனை வசதி இல்லை. கிழக்கே ருமஸ்ஸல மலை நிற்கிறது; அனுமன் சுமந்து வந்த மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது மக்கள் நம்பிக்கை. ஐரோப்பியர் அதற்கு 'நல்ல காட்சி' என்ற பொருளில் புவனவிஸ்தா என்று பெயரிட்டனர். ஆனால் துறையின் வாய் தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது, நீருக்கடியில் பாறைகளும் உண்டு. 1659இல் ஒல்லாந்தரின் அவொன்ட்ஸ்டர் என்ற கப்பல் துறைக்குள்ளேயே நங்கூரம் நழுவி மூழ்கியது.

காலி என்ற பெயருக்கு விளக்கங்கள் பல. சிங்களத்தில் 'கல' என்றால் பாறை. அதிலிருந்து வந்தது என்பார் சிலர். மாடுகளைக் கட்டி வைக்கும் இடத்தைக் குறிக்கும் 'கால' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார் வேறு சிலர். போர்த்துக்கேயர் அதைத் தம் மொழியின் சேவல் ஆக்கிவிட்டார்கள். நாம் தமிழில் கன்றுகாலி என்று சொல்லும்போது அந்தக் 'காலி'யும் மாட்டைத்தான் குறிக்கிறது. இரண்டாவது விளக்கம் மெய்யோ அல்லவோ, எமது கதைக்கு அது பொருத்தமானது. துறைமுகம் என்பது கப்பல் நிற்கும் இடம் மட்டுமல்ல. உள்நாட்டிலிருந்து பொதி சுமந்து வந்த மாடு நிற்கும் இடமும் அதுவே. மாடு வராத துறைக்குக் கப்பல் வந்து என்ன பயன்?

இந்த இடத்தில் லக்கலைக்குத் திரும்ப வேண்டும். நக்கில்ஸ் மலைத்தொடரின் வடகிழக்குச் சரிவில் இருக்கிறது லக்கல. இங்கு பெய்யும் மழை களு கங்கையில் சேர்கிறது. களுத்துறையில் கடலில் விழும் களு கங்கை வேறு; இது மாத்தளை மாவட்டத்தின் ஆறு. இது அம்பன் கங்கையில் கலக்கிறது. அம்பன் கங்கை மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலியில் கலக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, மூதூர் அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. கொட்டியாரக் குடாவோ திருகோணமலைத் துறைமுகத்தின் வெளிவாசல். ஆகவே லக்கலைக் கரையில் உம்மா காட்டிய தண்ணீர், அணையும் சுரங்கமும் வயலும் மிச்சம் விட்டால், போய்ச்சேரும் இடம் திருகோணமலைதான்.

தண்ணீர் போன பக்கம் மனிதரும் போனார்கள். மலையிலிருந்து கீழே இறங்கும் பொருள் கொட்டைப்பாக்கு, மிளகு, ஏலம், தேன்மெழுகு. கீழேயிருந்து மேலே ஏறும் பொருள் உப்பு, கருவாடு, பிடவை. மலைநாட்டில் எதுவும் விளையும், உப்பு விளையாது. இந்த ஒரு குறைதான் கண்டி இராச்சியத்தைக் கடலோடு கட்டிவைத்தது. வண்டி போக வழியில்லாத காட்டுப் பாதைகளில் இந்தப் பொருட்களைச் சுமந்தவை பொதிமாடுகள். அம்மாட்டு வரிசைக்குத் தவளம் என்று பெயர். தவளம் நடத்தியவர்களில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. கண்டி அரசில் போக்குவரத்துக்கென்றே 'மடிகே' என்ற ஒரு பிரிவு இருந்தது. பல மாவட்டங்களில் அதன் ஊழியம் முஸ்லிம்களிடம் இருந்தது. லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட, இலங்கை முஸ்லிம்களின் ஆயிரம் ஆண்டு வரலாறு பற்றிய நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார்.

தவளக்காரனின் வாழ்வை இன்று நாம் கற்பனை செய்வது கடினம். மாட்டின் முதுகில் இரு பக்கமும் சமமாகப் பொதி தொங்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் மாட்டுக்குப் புண். ஆறு பெருகினால் வற்றும்வரை காத்திருக்க வேண்டும். உப்பு நனைந்தால் முதல் போயிற்று. சிறுத்தையும் கரடியும் காய்ச்சலும் வழித்துணை. எல்லாவற்றுக்கும் மேலாக, வழியிலுள்ள சிங்களக் கிராமங்களில் அவனுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். தண்ணீரும் தங்குமிடமும் கிடைப்பது அந்த நம்பிக்கையால்தான். இரு மொழியும் பேசி, இரு பக்கத்துச் சேதியையும் சுமந்து சென்றவன் அவன். மலைநாட்டு முஸ்லிம் கிராமங்கள் பலவற்றின் தோற்றத்தைத் தேடிப்போனால் எங்கோ ஓரிடத்தில் மாட்டுக் குளம்படி தெரியும்.

கண்டி மன்னர்களுக்கு இந்தப் பாதைகளின் அருமை தெரியும். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களை ஏற்றுக்கொண்டான். ஏறத்தாழ 4000 பேரைக் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாறு. அதில் இரக்கம் இருந்தது, கணக்கும் இருந்தது. கிழக்குக் கரையில் தனக்கு நம்பிக்கையான மக்கள் இருந்தால்தான் தன் துறைகள் தன்னிடம் இருக்கும் என்பது அக்கணக்கு. அவனே 1620இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஓவே கெட்டேயுடன் உடன்படிக்கை செய்து, திருகோணமலையில் கோட்டை கட்ட அனுமதித்தான். அம்முயற்சி நிலைக்கவில்லை. அதற்குள் போர்த்துக்கேயர் முந்திக்கொண்டு, 1622இல் சுவாமி மலையிலிருந்த கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டை எழுப்பினர்.

அடுத்து வந்த இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்தான். 1638இல் உடன்படிக்கை. 1639இல் ஒல்லாந்தர் திருகோணமலையைப் பிடித்தனர். ஆயினும் அதைத் தக்கவைத்துக்கொள்ள அவர்கள் அப்போது மெனக்கெடவில்லை. 1640 மார்ச் மாதம் காலியைப் பிடித்தனர். அதை ஆங்கிலேயர் வரும்வரை விடவேயில்லை. ஏன்? துறை என்ற அளவில் திருகோணமலை காலியை விடப் பன்மடங்கு மேல். ஆனால் காலிக்குப் பின்னால் கறுவாக் காடு இருந்தது. திருகோணமலைக்குப் பின்னால் வறண்ட காடுதான் இருந்தது. ஒல்லாந்தர் கடலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று நிலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் பழமொழி சொல்வது இந்த ஆள்மாற்றத்தைத்தான்.

இராஜசிங்கனுக்கு எஞ்சியது கொட்டியாரம். 1660இல் அங்கே புயலில் பாய்மரம் இழந்து வந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவனும், அவனது மகன் றொபர்ட் நொக்ஸும், கூட வந்தவர்களும் சிறைபிடிக்கப்பட்டார்கள். மூதூரில் ஒரு மரத்தை வெள்ளைக்காரன் மரம் என்று காட்டுவார்கள். நொக்ஸ் மலைநாட்டில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்தான். அவன் தப்பிய விதம் கவனிக்கத்தக்கது. சில்லறைச் சாமான் சுமந்து ஊர் ஊராக விற்கும் வியாபாரியாக அலைந்து வழிகளைக் கற்றுக்கொண்டான். 1679இல் அனுராதபுரக் காடு வழியாக மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டையை அடைந்தான். அரசன் எத்தனை காவல் போட்டாலும் வழி தெரிந்தவர் வியாபாரிதான் என்பதற்கு அவன் ஒரு சாட்சி. 1672இல் பிரெஞ்சுத் தளபதி த லா ஹே கப்பற்படையோடு வந்தபோது, இராஜசிங்கன் கொட்டியாரத்தைக் கொடுத்து அவனைத் தன்வசமாக்கப் பார்த்தான். ஒல்லாந்தர் அதையும் முறியடித்தனர்.

இறுதியில் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கை வந்தது. கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. கண்டி இராச்சியத்துக்குக் கடலில் கால் நனைக்கவும் சொந்த இடமில்லாமற் போயிற்று. துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போனபின், மலைக்கும் கடலுக்கும் இடையில் எஞ்சியிருந்த பிணைப்பு தவளம் ஒன்றுதான். உப்புக்காகக் கண்டி இன்னொருவரின் வாசலில் நின்றது. அந்த வாசலுக்குப் போய் வந்தவன் தவளக்காரன்.

ஆங்கிலேயரின் தேர்வு ஒல்லாந்தரின் தேர்வுக்கு நேர் எதிர். 1795 ஓகஸ்டில் அவர்கள் முதலில் கைவைத்தது திருகோணமலையில்தான். காலி அவர்கள் கைக்கு வந்தது 1796 பெப்ரவரியில். காரணம் கறுவா அல்ல, போர்க்கப்பல். வடகீழ்ப் பருவக் காற்று வீசும் மாதங்களில் சென்னைக் கரையில் கப்பலுக்கு ஒதுங்க இடமில்லை. 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் திருகோணமலையை அவர்களிடமிருந்து பறித்தபோது, அந்த ஓரிடம் கையில் இல்லையேல் வங்கக் கடல் முழுவதும் கையில் இல்லை என்பதை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை அவர்கள் கைவிடவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அதனால்தான். சுதந்திரம் கிடைத்த பின்னும் 1957வரை ஆங்கிலக் கடற்படை அங்கு தங்கியிருந்ததும் அதனால்தான்.

இப்பந்தயத்தில் தவளக்காரர் எங்கே நின்றார்கள் என்பதை நாம் ஒளிக்காமல் பார்க்க வேண்டும். மலைக்குள் படை போனால் அரிசியும் மருந்தும் போக வேண்டும். அதற்கு மாடு வேண்டும். எனவே எந்த அரசும் தவளக்காரனைத் தன் பக்கம் இழுத்தது. 1817இல் வெல்லஸ்ஸப் பகுதியில் முஸ்லிம்களை உள்ளூர்த் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி முகாந்திரம் என்று அறியப்பட்ட ஒருவரின் கீழ் ஆங்கிலேயர் வைத்தனர். உள்ளூர்த் தலைவர்கள் மனம் கொதித்தனர். அவ்வாண்டு மூண்ட பெருங்கிளர்ச்சியின் முதற்பலிகளில் ஒருவர் அந்த முகாந்திரம். இரு பக்கமும் நம்பிய ஒருவனை ஒரு பக்கத்தின் ஆளாக மாற்றியதால் வந்த விளைவு அது. இந்த அத்தியாயத்தை நமது எழுத்தாளர்கள் தொடத் தயங்குவது ஏனென்று தெரியவில்லை. தொட்டால் நாம் சிறுமைப்பட மாட்டோம், தெளிவடைவோம்.

காலியின் பக்கமும் நமக்கு உரிமை உண்டு. மகளின் விருப்பத்தை அப்படிச் சும்மா தள்ளிவிட முடியாது. 1344இல் பாவா ஆதம் மலை ஏறி இறங்கிய இப்னு பதூதா, தேவுந்தர வழியாகக் காலிக்கு வந்தார். காலி அப்போது ஒரு சிற்றூர். அங்கே இப்ராஹீம் என்ற கப்பல் தலைவர் தமக்கு விருந்தளித்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். போர்த்துக்கேயர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே காலித் துறையில் ஒரு முஸ்லிம் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதற்கு அடுத்த நூற்றாண்டில் சீனக் கடற்தளபதி செங் ஹி வந்தார். அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவர் நாட்டிய கல்லொன்று 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடக்கக் கண்டெடுக்கப்பட்டது. 1409 என்று கணக்கிடப்படும் ஆண்டு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பேரிலும் காணிக்கை சொல்லப்படுகிறது. மூன்று சமயத்தாருக்கும் ஒரே கல்லில் இடம். ஆனால் நாம் கல்லைப் பார்த்து மயங்கி நிற்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்குள் அதே செங் ஹி இலங்கையின் ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றார் என்பதும் வரலாறே. அந்தக் கல்லைப் பார்க்கக் காலிக்குப் போக வேண்டாம். அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

நீராவிக் கப்பல் வந்த பிறகு காலிக்கு ஒரு பொற்காலம் வாய்த்தது. 1840களிலிருந்து ஐரோப்பாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் இடையில் ஓடிய தபாற் கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் காலியில் நின்றன. 1850களில் வெளிநாட்டுச் செய்தியைக் காலியிலிருந்து கொழும்புப் பத்திரிகைக்குப் புறாக்கள் சுமந்து பறந்தன. காலிக் கோட்டைக்குள்ளும் வெளியிலும் நம்மவரின் மாணிக்க வியாபாரம் செழித்தது. கோட்டைக்குள் வெளிச்ச வீட்டின் எதிரே தேவாலயம் போன்ற தோற்றத்தில் நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் அந்தச் செழிப்பின் பிற்காலச் சின்னம்.

பிறகு ஒரு கேள்வி எழுந்தது. பெரிய துறைமுகத்தை எங்கே அமைப்பது? காலியில் பாறைகள். திருகோணமலையோ இயற்கையின் கொடை; காசு செலவழிக்காமலே பெரும் கப்பல்கள் நிற்கும். ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்தது இரண்டையும் அல்ல. மலையும் இல்லாத, காற்றுக்குத் திறந்து கிடந்த கொழும்பைத் தேர்ந்தெடுத்தார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அது முடிந்தது. காரணம் எமது மலைகளில்தான் இருந்தது. கண்டி, மாத்தளை மலைகளில் விளைந்த கோப்பி கொழும்புக்கு இறங்கியது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1880இல் மாத்தளைக்கு வந்தது. திருகோணமலைக்கு அது வந்தது 1927இல். துறைமுகத்தை உண்மையில் தேர்ந்தெடுத்தது கடல் அல்ல, மலை.

1883 ஜனவரியில் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒறாபி பாஷா கப்பலிலிருந்து கால் வைத்தது கொழும்பில். முப்பது ஆண்டுகள் முன்னே வந்திருந்தால் அவரை வரவேற்கும் பேறு காலி முஸ்லிம்களுக்குக் கிடைத்திருக்கும். ஒரு துறை ஓய்ந்து இன்னொரு துறை எழுந்ததை எமது மக்கள் கண்ணால் கண்ட காலம் அது.

மாத்தளைக்கு வந்த புகையிரதத்தின் ஊதல் தவளத்துக்குச் சாவு மணி ஆயிற்று. உப்பு மேற்கேயிருந்து பெட்டியில் வந்தது. லக்கல கொழும்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தது. கிழக்குப் பாதைகளைக் காடு மூடியது. பொதிமாட்டுக்காரர் கடைக்காரர் ஆனார்கள். ஓரிரு தலைமுறைக்குள் பாட்டன் எந்தக் கரைக்குப் போய் வந்தான் என்று பேரனுக்குத் தெரியாமற் போயிற்று. இன்று எம் பிள்ளைகள் திருகோணமலையைச் சுற்றுலாத் தலமாக மட்டும் அறிந்திருப்பதன் தொடக்கம் இங்கேதான்.

இனி விடுமுறைக் கணக்குக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது காற்று. மேயிலிருந்து செப்டெம்பர்வரை தென்மேல் பருவக் காற்றில் காலிக் கடல் கொந்தளிக்கும். திருகோணமலை அமைதியாக இருக்கும். ஒக்டோபர் முடிவிலிருந்து ஜனவரிவரை கிழக்கே மழை. டிசம்பர் தொடங்கித் தெற்குக் கடல் மெல்லத் தணியும். இந்தக் காற்றுக்கு ஐரோப்பியர் வைத்த பெயரே அரபு மாலுமிகளின் 'மவ்ஸிம்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. மவ்ஸிம் என்றால் உரிய பருவம். நமது பெருநாளோ பிறையைப் பார்த்து ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. 33 ஆண்டுகளில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். ஆகவே பெருநாள் விடுமுறைக்கு நிரந்தரமான ஊர் என்று ஒன்றில்லை. ஒரு தலைமுறைக்குக் காலி என்றால் மறு தலைமுறைக்குத் திருகோணமலை. மார்ச், ஏப்ரலில் பெருநாள் வரும் ஆண்டுகளில் மட்டும் இரு கடலும் இணங்கி நிற்கும். எங்கள் வீட்டுச் சண்டை அப்படியொரு ஆண்டில் வந்தது. அதனால் காற்றால் தீரவில்லை.

தூரம் பார்த்தால், மாத்தளையிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 150 கிலோமீற்றர். காலி 250க்கும் மேல். 2011இல் தெற்கு அதிவேகப் பாதை காலிவரை திறக்கப்பட்ட பின் களைப்புச் சற்றுக் குறைந்திருக்கிறது. காலியில் கோட்டை மதில்மேல் மாலையில் நடக்கலாம். 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை காலி பஸ் நிலையத்தையும் விளையாட்டரங்கையும் அள்ளிச் சென்றபோது, கோட்டைக்குள் இருந்தவர்களைக் காத்தது அந்த மதில்தான். பிள்ளைகளுக்கு அந்த மதிலைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

திருகோணமலையில் அப்படியொரு மதில் மூதூருக்கு இருக்கவில்லை. ஆழிப்பேரலையும் வந்தது. 2006 ஓகஸ்டில் போரும் வந்தது. மூதூர் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் வீட்டைப் பூட்டவும் நேரமின்றி நடந்தே வெளியேறிக் கந்தளாயில் தஞ்சம் புகுந்தார்கள். அன்று மலைநாட்டுப் பள்ளிவாசல்களில் அவர்களுக்காக அரிசியும் உடுப்பும் சேர்த்தோம். லொறியில் ஏற்றி அனுப்பினோம். அந்த லொறி போனது பழைய தவளம் போன திசையில் என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஒரு காலத்தில் உப்புத் தந்த கரைக்கு நாம் அரிசி அனுப்பினோம். அதைத் தருமம் என்று நினைத்தோம். அது பழைய கடன்.

இதனால்தான் உம்மாவின் சொல்லுக்கு நான் சிரிக்கவில்லை. மன்னன் படைத்துணைக்காகத் துறையைத் தேடினான். ஒல்லாந்தர் கறுவாவுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆங்கிலேயர் போர்க்கப்பலுக்காகவும், பின் கோப்பிக்காகவும் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் துறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள். நாம் மட்டும் விளம்பரப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். திருகோணமலைக்குப் பின்னால் இருப்பது நாம்தான்: எமது மலை, எமது ஆறு, எமது பாட்டன்மாரின் மாட்டுத் தடம்.

நாங்கள் திருகோணமலைக்குத்தான் போனோம். சுவாமி மலையையும் நிலாவெளியையும் பார்த்தோம். மறுநாள் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து மூதூருக்குப் போனோம். 2009வரை தோணியிலும் பாதையிலும் கடந்த அந்த நீர்மேல் இப்போது வாகனம் சில நிமிடத்தில் போய்விடுகிறது. கொட்டியாரக் குடாவில் ஆற்று நீர் கடலில் கலங்கலாக விரிவதைத் தம்பியின் மகன் பார்த்துவிட்டு, "இது லக்கலத் தண்ணியா?" என்று கேட்டான். "கொஞ்சம் இருக்கும்," என்றார் உம்மா. காலிக்கு அடுத்த விடுமுறையில் போவதாக மகளுக்கு வாக்களித்திருக்கிறேன். இப்ராஹீம் என்ற கப்பல் தலைவரின் ஊரைப் பார்க்காமல் விடுவது முறையல்ல.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மாத்தளை, உக்குவளை, அக்குறணை, ஊவாப் பக்கத்து வீடுகளில் தவளத்தைப் பற்றித் தம் மூத்தவர் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்பது வயதுக்கு மேலாகிவிட்டது. எந்த ஆற்றை எங்கே கடந்தார்கள், எந்த ஊரில் தங்கினார்கள், எந்தக் கரையில் உப்பு வாங்கினார்கள், வழியில் யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பெரிய ஆராய்ச்சி வேண்டாம், ஒரு பள்ளிக் கொப்பி போதும். பழைய பல்லேகம நீருக்குள் போகுமுன் அதன் கடைத்தெருவை எழுதி வைத்தவர் எத்தனை பேர்? ஊர் மூழ்குவதைத் தடுக்க எங்களால் முடியவில்லை. வழி மூழ்குவதையாவது தடுக்கலாம்.